இராணுவச் சட்டமும் பொன்னம்பலம் இராமநாதனும்

மாத்தளை நகரிலிருந்து அலுவிகாரையைக் கடந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியில் அமைந்த பலாபத்வல, 1848ஆம் ஆண்டிலும் 1915ஆம் ஆண்டிலும் இராணுவச் சட்டத்துக்கு உட்படுத்தப்பட்ட மலைநாட்டுப் பகுதியைச் சேர்ந்த ஊராகும். சாதாரண நீதிமன்றங்களை ஒதுக்கிவிட்டுப் படை அதிகாரிகளே விசாரித்துத் தண்டிக்க இடமளிக்கும் அந்த ஏற்பாடு, புதிய வரிகளை எதிர்த்து எழுந்த 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது மிகக் கடுமையாகக் கையாளப்பட்டதால், பிரித்தானியப் பாராளுமன்றம் விசாரணை நடத்தியது. தேசாதிபதி டொரிங்டன் பிரபுவும் திருப்பி அழைக்கப்பட்டார். இராணுவச் சட்டத்தின் வரம்பு எது என்ற அதே கேள்வி 1915இல் மீண்டும் எழுந்தபோது அதைச் சட்டநிரூபண சபையில் எழுப்பியவர், கொழும்புத் தமிழ் உயர்குடியில் பிறந்த சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆவார்.

1851இல் பிறந்த இராமநாதனின் தந்தை பொன்னம்பலம், தேசாதிபதியின் வாசலோடு தொடர்புடைய உயர்ந்த பட்டமான ‘வாசல் முதலியார்’ பட்டத்தைப் பெற்றவர். தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி இங்கிலாந்தில் பாரிஸ்டராகித் தமிழர் பிரதிநிதியாகச் சபையில் அமர்ந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியிலும் பின்னர் கொழும்பில் ரிச்சர்ட் மோர்கனிடமும் பயின்று வழக்கறிஞரான இராமநாதன், உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிட்டதோடு, 1879இல் மாமன் காலமானதும் அவரது ஆசனத்துக்கு நியமிக்கப்பட்டார். 1892 முதல் 1906 வரை, முடிக்குரிய சட்ட அதிகாரிகளில் சட்டமா அதிபருக்கு அடுத்த நிலையினரான மன்றாடியார் நாயகமாகப் பணியாற்றினார். 1911இல் ‘படித்த இலங்கையர்’ தொகுதிக்கு நடந்த தேர்தலில் மார்க்கஸ் பெர்னாண்டோவை வென்று மீண்டும் சபைக்கு வந்தார்.

1915 கலவரத்தின் வேரிலேயே ஒரு வழக்கு இருந்தது. கம்பளையில் பள்ளிவாசல் இருந்த தெருவழியே இசையுடன் பெரஹரா என்னும் சமய ஊர்வலம் செல்லும் உரிமையை, 1815ஆம் ஆண்டின் கண்டி உடன்படிக்கையை ஆதாரமாகக் கொண்டு, கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் 1914இல் ஏற்றுக்கொண்டார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. மே மாத இறுதியில் வெசாக் நாட்களில் கண்டியில் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட மோதல் பல மாகாணங்களுக்குப் பரவி, முஸ்லிம்களின் உயிரையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் அழித்தது. தேசாதிபதி சேர் ரொபர்ட் சாமர்ஸின் அரசு இதை அரசுக்கு எதிரான சதியாகக் கருதி ஜூன் தொடக்கத்தில் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது, டி. எஸ். சேனாநாயக்க உள்ளிட்ட சிங்களத் தலைவர்கள் சிறைவைக்கப்பட்டனர், இளம் படை அதிகாரி ஹென்றி பெட்ரிஸ் ஜூலை 7 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்.

நடந்தது கலவரமே தவிர மன்னருக்கு எதிரான கிளர்ச்சி அன்று என்பதே சபையில் இராமநாதன் முன்வைத்த வாதத்தின் அச்சாணி. அமைதி திரும்பிய பின்னரும் படை நீதிமன்றங்களும் துப்பாக்கிச் சூடுகளும் தொடர்ந்ததை அவர் கண்டித்தார். பதினான்கு ஆண்டுகள் அரசின் பக்கம் நின்று வாதாடி, அதன் அதிகாரம் சட்டத்தில் எங்கு தொடங்கி எங்கு முடிகிறது என்பதை உள்ளிருந்தே அறிந்த ஒருவர் சொன்னதால்தான் அக்கண்டனம் கனம் பெற்றது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் கடல் கடந்து இங்கிலாந்து சென்று நீதி கோரினார். 1915 கலவரத்தையும் இராணுவச் சட்டத்தையும் பற்றிய அவரது நூல் 1916இல் லண்டனில் வெளிவந்தது. திரும்பி வந்த அவரைச் சிங்களத் தலைவர்கள் வண்டியில் அமர்த்தித் தாங்களே இழுத்துச் சென்றனர்.

எனினும் அந்த வாதத்தில் பெரும் குறை உண்டு. சிங்களவர்மீது இழைக்கப்பட்ட அநீதி அதில் பெற்ற இடத்தை, கடையையும் உறவினரையும் இழந்த சோனக முஸ்லிம்களின் துயர் பெறவில்லை. சோனகர் இனத்தால் தமிழரே என்று 1880களில் அவர் கூறியதை ஏற்கெனவே மறுத்திருந்த முஸ்லிம்களுக்கு இது மேலும் கசப்பைத் தந்தது. பிற்காலத்தில் டொனமூர் ஆணைக்குழு பரிந்துரைத்த சர்வசன வாக்குரிமையை, அதாவது சொத்தோ கல்வியோ பாராது வயது வந்த அனைவருக்கும் வாக்களிக்கும் உரிமையை, அவர் எதிர்த்தது உயர்குடிப் பார்வையின் வரம்பைக் காட்டுகிறது. அவர் 1930இல் காலமானார். அடுத்த ஆண்டே நாடு அந்த வாக்குரிமையின் கீழ்த் தேர்தலைச் சந்தித்தது.

பல பத்தாண்டுகள் அவசரகாலச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த இந்நாட்டின் சட்ட மாணவர்கள், 1916ஆம் ஆண்டின் அந்த நூலை, அது சொல்லத் தவறியவற்றையும் மனத்திற்கொண்டு படிக்க வேண்டும்.