முகப்பருவுக்குச் சாப்பாடா காரணம்?

சென்ற மாதம் ஒரு சிநேகிதியின் வீட்டுக்குப் போயிருந்தேன். இரவுச் சாப்பாட்டு வேளை. அவளுடைய பதினேழு வயதுப் பெண் தட்டின் முன் உட்கார்ந்து வெறும் மோர்ச் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். முட்டை சூடு, வேண்டாம். நிலக்கடலை எண்ணெய்ப் பண்டம்; வேண்டாம். கொள்ளும் வேண்டாம், மாம்பழமும் வேண்டாம். கன்னத்தில் இருந்த பருக்களுக்காக ஆறு மாதமாக இந்தப் பத்தியம்.

"நாக்கை அடக்கினால் முகம் தானே தெளியும்" என்றாள் பாட்டி, கூடத்திலிருந்தபடியே.

முகம் தெளியவில்லை. டாக்டர் ரத்தத்தைப் பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கியிருந்தது. அதுதான் ஆறு மாதப் பத்தியத்தின் பலன்!

உங்கள் வீட்டிலும் இந்தக் காட்சி நடக்கிறதா? அப்படியானால் கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம்.

முதலில் பரு எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். சருமத்தில் மயிர்க்கால்களை ஒட்டிச் சிறிய எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இவற்றைத் தூண்டிவிடுகிறது. இது ஆண்களுக்கு மட்டும் உரியதல்ல. பெண்கள் உடலிலும் உண்டு. எண்ணெய் அதிகமாகச் சுரக்க, உதிர்ந்த சருமச் செதில்கள் சேர்ந்து துவாரத்தை அடைத்துவிடுகின்றன. உள்ளே கிருமிகள் பெருகுகின்றன. இடம் சிவந்து வீங்குகிறது. ஆகவே, மத்தியானம் தின்ற வடையின் எண்ணெய் சாயங்காலம் கன்னத்தில் வந்து எட்டிப் பார்க்கிறது என்று எண்ணுவது தவறு. 'சூடு' என்று நாம் ஒதுக்கும் பண்டங்களால் பரு வருகிறது என்பதற்கும் தக்க ஆதாரம் கிடையாது.

அப்படியானால் ஆகாரத்துக்கும் பருவுக்கும் சம்பந்தமே இல்லையா? இங்கேதான் சுவாரஸ்யமான ஒரு கதை இருக்கிறது.

1969-ல் அமெரிக்காவில் மூன்று டாக்டர்கள் 65 பேருக்குச் சாக்லேட் கொடுத்துப் பார்த்தார்கள். சில வாரம் நிஜச் சாக்லேட்; சில வாரம் அதைப் போலவே செய்த போலிக் கட்டி. பருவில் வித்தியாசம் தெரியவில்லை. "சாக்லேட்டுக்கும் பருவுக்கும் தொடர்பில்லை" என்று தீர்ப்பாயிற்று. வெகு காலம் டாக்டர்கள் இதைத்தான் சொல்லிவந்தார்கள். ஆனால் பின்னால் நுணுகிப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். போலிக் கட்டியிலும் ஏறக்குறைய அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்தன! சர்க்கரையைச் சர்க்கரையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் எப்படித் தெரியும்?

2002-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி விஷயத்தை மறுபடி கிளப்பியது. பப்புவா நியூகினியைச் சேர்ந்த கிட்டாவா என்ற தீவில் 1,200 பேரைப் பரிசோதித்ததில் ஒருவர் முகத்திலும் பரு இல்லை. கிழங்கு, பழம், மீன், தேங்காய் இவைதாம் அவர்கள் ஆகாரம். சர்க்கரையும் மாவுப் பண்டங்களும் அவர்களிடம் அபூர்வம். பரம்பரையும் காரணமாக இருக்கலாம் அல்லவா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

அதற்கும் ஒரு சோதனை வந்தது. 2007-ல் ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில், 15 முதல் 25 வயதுள்ள 43 வாலிபர்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத ஆகாரம். மற்றவர்களுக்கு வழக்கமான சாப்பாடு. பன்னிரண்டு வாரத்தில் முதல் பிரிவில் பருக்கள் சராசரியாக 23-க்கு மேல் குறைந்தன. இரண்டாம் பிரிவில் 12. முதல் பிரிவினரின் எடையும் குறைந்ததால் பெருமை முழுவதும் ஆகாரத்துக்கே என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் காரணம் புரிகிறது. ரத்தத்தில் சர்க்கரை விரைவாக ஏறினால் இன்சுலின் பெருகுகிறது. அது எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டும் ஹார்மோன்களுக்குத் துணை போகிறது.

பாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் 47,355 பெண்கள் தங்கள் பள்ளிப் பருவச் சாப்பாட்டை நினைவுகூர்ந்தார்கள். அதிகமாகப் பால் குடித்தவர்களுக்குப் பருத் தொல்லை சற்று அதிகம். கொழுப்பு நீக்கிய பாலில் இது மேலும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பழைய நினைவை நம்பிய கணக்கு அது. பாலை அடியோடு நிறுத்த அது போதாது.

சரி, நம் சமையலறையில் என்ன செய்யலாம்?

சர்க்கரை போட்ட காபியை இரண்டு வேளையோடு நிறுத்துங்கள். பாட்டிலில் வரும் இனிப்புப் பானம், பிஸ்கட், கேக், மைதாப் பரோட்டா இவை தினப்படி வேண்டாம். குவித்த வெள்ளைச் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் கூட்டு, பொரியல், சுண்டல் வையுங்கள். பயறும் பருப்பும் மெதுவாக ஜீரணமாகிறவை. அவற்றை ஒதுக்கவே கூடாது. முட்டையும் கீரையும் தாராளமாகக் கொடுங்கள். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால் குறைத்துப் பாருங்கள். ஆனால் சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகும் கீரையும் எள்ளும் தட்டில் இருக்கட்டும். எதையும் பத்துப் பன்னிரண்டு வாரமாவது செய்தால்தான் பலன் தெரியும். நாலு நாளில் கண்ணாடியைப் பார்த்துக் கண்ணீர் விடுவதில் பயனில்லை.

ஆகாரம் உதவி செய்யும், வைத்தியத்துக்கு ஈடாகாது. வலியோடு பெரிய கட்டிகள் வந்தாலும், தழும்பு விழுந்தாலும் சரும டாக்டரிடம் போங்கள். மாதவிலக்கு ஒழுங்கு தவறி, மோவாயில் ரோமமும் அரும்பினால் அது சினைப்பையின் ஹார்மோன் கோளாறாக இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். அண்டை வீட்டுக்காரி கொடுத்தாள் என்று ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தடவுவது மட்டும் கூடவே கூடாது. அதுவே பருவை வரவழைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. பரு ஒரு குற்றமல்ல. நாக்கை அடக்காததற்குக் கிடைத்த தண்டனையும் அல்ல. பதினேழு வயதுப் பெண்ணுக்கு அவள் கண்ணாடி சொல்வதே போதும். நாமும் சேர்ந்து சொல்ல வேண்டாம்.

போன வாரம் மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். பருக்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால் தட்டில் கீரையும் முட்டையும் இருந்தன. பாட்டியே எடுத்துப் பரிமாறினாள்!