உப்புப் போட்ட பீர்

"பீரில் உப்பா? விளையாடுகிறீர்களா?" என்று திருச்சியிலிருந்து ஓர் அன்பர் அஞ்சலட்டை போட்டிருக்கிறார். விளையாட்டில்லை. ஜெர்மனியின் கோஸே பீரில் உப்பும் உண்டு, தனியாவும் உண்டு. பார்லியோடு கோதுமையும் ஏறக்குறையப் பாதி சேரும். புளிப்பு தருவது லாக்டிக் அமில பாக்டீரியா, நம் தயிரைப் புளிக்க வைக்கும் அதே வகையறா.

ஹார்ஸ் மலையடிவாரத்துக் கோஸ்லார் ஊரில் ஓடும் சிற்றாற்றின் பெயர்தான் கோஸே. பீர் பிறந்தது அங்கே. 18ஆம் நூற்றாண்டில் பேர் வாங்கியது லைப்சிக்கில். பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்ற 1516ஆம் வருட பவேரியச் சட்டம் பிற்பாடு ஜெர்மனி முழுக்கப் பரவியது. வட்டாரச் சரக்கு என்ற சலுகையில் இது தப்பித்துக்கொண்டது.

என்னை மயக்கியது அதன் பாட்டில். கீழே தொந்தி, மேலே கொக்குக் கழுத்து. பழைய லைப்சிக் கடைகளில் நொதிப்பு அடங்காத பீரை அதில் ஊற்றித் தக்கை போடாமல் அப்படியே வைப்பார்கள். ஈஸ்ட் நுரைத்து மேலேறி, ஒடுங்கிய கழுத்தில் அடைத்துக் காய்ந்து, தானே தக்கையாகிவிடும். வெயில் காலத்தில் எங்கள் வீட்டு இட்லி மாவு இரவோடிரவாக மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையெல்லாம் வழிந்திருக்கும், அம்மா திட்டிக்கொண்டே துடைப்பாள். பொங்கியதே மூடியாகும் பாத்திரம் ஒன்று அவளுக்குக் கிடைத்திருக்கலாம்!

1966இல் லைப்சிக்கின் கடைசி கோஸே ஆலையும் மூடியது. லோதர் கோல்ட்ஹான் என்பவர் பழைய மதுக்கடை ஒன்றைச் செப்பனிட்டு 1986இல் திறந்து கோஸேயை மீட்டார். இன்று அமெரிக்கச் சிற்றாலைகள் வரை காய்ச்சுகின்றன.

அப்படி ஒரு சிற்றாலையின் இரண்டு டின்களை நண்பர் வீட்டில் உடைத்தோம். முதலாவது கலங்கிய வெளிர்மஞ்சள். நாக்கில் பட்டதும் எலுமிச்சைப் புளிப்பு. விழுங்கிய பிறகு, நீர்மோர் குடித்தாற்போல், உதட்டோரம் லேசாக உப்பு. தனியா வாசனையாக மட்டும் வந்து போனது. இரண்டாவதில் மாம்பழக் கூழ். உப்பைத் தேடினேன், தனியாவைத் தேடினேன், கிடைத்தது ஜூஸ். இருபது வருடம் செத்துக் கிடந்து எழுந்து வந்த பீரைப் பழத்தில் முக்கி மறுபடி கொல்வானேன்?

கோல்ட்ஹான் மீட்ட கடையின் பெயர் 'ஓனே பெடெங்கன்'. "இதைக் குடிக்கலாமா?" என்று கேட்ட வாடிக்கையாளருக்குப் பரிமாறுகிறவர் சொன்ன பதிலாம் அது. 'தயங்காமல்' என்று பொருள். திருச்சி அன்பருக்கும் அதே பதில்தான், பழம் போடாததாக இருந்தால்.