பாடம் திரையில் ஓடினால் போதுமா?

ஆசிரியர் பேசுவதைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டால் டிஜிட்டல் கல்வி வந்துவிட்டதாக எண்ணுகிறோம். மாணவருக்கு அதில் என்ன வேலை? பார்ப்பதும் கேட்பதும்தான். அது போதாது என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சுமார் 34 சதவீதத்தினர் தோற்றிருந்தார்கள். மாணவர்களே விடை தேடி, விவாதித்துக் கற்ற வகுப்புகளில் அது 22 சதவீதம். இவை நேரடி வகுப்புகள்தாம். ஆனால் கைக்கு வேலை கொடுப்பதில் கணினியால் வகுப்பறையையும் மிஞ்ச முடியும்.

நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ என்ற கணினிப் பாடத் தொகுப்பு இதற்கு நல்ல உதாரணம். அதன் மின்சுற்றுப் பாடத்தில் மாணவரே மின்கலம், கம்பி, பல்பு ஆகியவற்றை இழுத்து இணைக்கிறார். எலக்ட்ரான்கள் நகர்வது கண்ணுக்குத் தெரிகிறது. குறுக்குச்சுற்று ஏற்பட்டால் திரையில் தீப்பற்றுகிறது. தவறு அங்கேயே, அப்போதே புரிகிறது. இதில் பழகியவர்களையும் நிஜக் கருவிகளில் பழகியவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2005இல் வந்தது. நிஜக் கம்பிகளைக் கொண்டு சுற்று அமைக்கச் சொன்னபோதும் திரையில் பழகியவர்களே நன்றாகச் செய்தார்கள். இந்த வெற்றி தற்செயலானது அல்ல. ஃபெட்டை உருவாக்குபவர்கள் மாணவர்களை உட்காரவைத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, அவர்கள் திணறும் இடங்களைப் பார்த்து வடிவமைப்பைத் திருத்துகிறார்கள்.

இந்த முறைக்கு மறுப்பும் உண்டு. புதிதாகக் கற்பவரை வழிகாட்டாமல் விட்டால் குழம்பிப்போவார் என்று கல்வி உளவியலாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் வாதிட்டார்கள். நியாயமான எச்சரிக்கை. ஆனால் வழிகாட்டுதல் பிரசங்கமாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. முதல் திரையில் சில பொருட்களை மட்டும் வைத்து, அடுத்ததில் கூட்டிக்கொண்டு போவதும் வழிகாட்டுதலே. மாணவர்களுக்கு விரிவுரைதான் பிடிக்கிறது என்பது இன்னொரு மறுப்பு. இதற்கு ஹார்வர்டில் நடந்த ஆய்வு 2019இல் பதில் தந்தது: விரிவுரை கேட்டவர்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள், தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றவர்களோ தாங்களே முயன்று கற்றவர்கள். முயற்சி தரும் சிரமத்தை, புரியவில்லை என்பதற்கான அடையாளமாக மனம் எடுத்துக்கொள்கிறது. எனவே பயனாளர் தரும் நட்சத்திரங்களை வைத்து ஒரு கல்விச் செயலியின் தரத்தை முடிவு செய்வது சரியல்ல. பெற்றோரும் பள்ளிகளும் பணம் கட்டுவதற்கு முன், அதில் பிள்ளை எதைச் செய்கிறது, தவறினால் என்ன காண்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஃபெட்டுக்குக் கட்டணம் கிடையாது. பெரும்பாலான பாடங்கள், தரவிறக்கிக்கொண்டால், இணையம் இல்லாமலும் இயங்கும்.