சாராய ஜாடியும் பால் மங்கும்

மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் சற்று நேரத்தில் அதன் வெளிப்புறம் ஈரமாவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே கசியும் நீர், ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அதனால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. அதே பானையில் சாராயத்தை ஊற்றிக் கப்பலில் அனுப்பினால்? போய்ச் சேர்வதற்குள் பாதி கசிந்துவிடும்!

19ஆம் நூற்றாண்டில் தென்சீனாவிலிருந்து ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கங்களுக்கும் அமெரிக்க ரயில் பாதைப் பணிகளுக்கும் போன தொழிலாளர்களுக்குச் சாராயம் பழுப்பு நிற ஜாடிகளில் வந்தது. உருண்ட வயிறு, குறுகிய கழுத்து, விரிந்த வாய். அவர்கள் தங்கிய இடங்களைத் தோண்டும் தொல்லியலாளர்களுக்கு அவை இன்றும் கிடைக்கின்றன.

அவை கசியாததற்குக் காரணம் நெருப்பு. மண்பானையைப் பொதுவாக 1,000 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சுடுவார்கள். தகுந்த களிமண்ணை 1,200 டிகிரிக்கு மேல் சுட்டால், அதிலுள்ள சில கனிமங்கள் உருகிக் கண்ணாடிபோலாகித் துளைகளை அடைத்துவிடும். கல்போல இறுகும் இவ்வகைப் பாண்டமே ‘ஸ்டோன்வேர்’. மேற்பூச்சிலுள்ள இரும்பு ஆக்சைடு பழுப்பு நிறம் தருகிறது.

விறகை மட்டும் எரித்து இவ்வளவு வெப்பம் எப்படி? விடை சிங்கப்பூரில், பூன் லேயிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஜாலான் பஹார் பகுதியில் இருக்கிறது. அங்குள்ள தாவ் குவாங் ‘டிராகன் சூளை’ 1940இல் கட்டப்பட்டது. நீளம் சுமார் 27 மீட்டர். சரிவில் படுத்த நாகம்போல இருக்கும். கீழ்வாயில் மூட்டிய தீயின் அனல் மேல்நோக்கி ஏறி, வழியிலுள்ள பாண்டங்களைச் சூடாக்கியபடியே செல்லும். பக்கத் துளைகளில் படிப்படியாக விறகு போடுவார்கள். பறக்கும் சாம்பலிலுள்ள கால்சியமும் பொட்டாசியமும் களிமண்ணின் சிலிக்காவைச் சீக்கிரம் உருகவைப்பதால், பாண்டத்துக்கு இயற்கையாகவே மெருகு ஏறும்.

இந்தச் சூளைக்கும் தமிழருக்கும் தொடர்பு உண்டு. பூன் லேக்குப் பெயர் தந்த சியூ பூன் லே, ஜூரோங்கில் ரப்பர் தோட்டம் வைத்திருந்தவர். ஜூரோங் சூளைகள் ரப்பர் தோட்டங்களுக்குப் பால் மங்குகள் செய்தன. மலாயாத் தோட்டங்களில் மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மங்கில் துளை இருந்தால் பால் ஊறி ஒட்டிக்கொள்ளும். வழவழப்பாக இருந்தால் உறைந்த பாலை எளிதில் உரித்தெடுக்கலாம். சாராய ஜாடியைக் காத்த அதே அறிவியல்தான்!

சிங்கப்பூரில் இன்று எஞ்சியுள்ள டிராகன் சூளைகள் இரண்டே. இரண்டும் இந்தப் பகுதியில்தான் உள்ளன. சூளை அணைந்துவிட்டால், எந்த நேரத்தில், எந்தத் துளையில், எவ்வளவு விறகு என்ற கைப்பழக்கமும் அதோடு போய்விடும். அடுத்த முறை பூன் லே பக்கம் போனால் எட்டிப் பாருங்கள்.