முள்ளெலிக்கு ஏ.சி. ஏன் ஆகாது?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மார்கழி இரவுக்குக்கூட ஒரு போர்வை போதும். ஆனால் செல்லப்பிராணியாக வளர்க்கும் ஆப்பிரிக்க முள்ளெலிக்கு, ஷிப்ட் முடிந்து வந்தவர் 20 டிகிரியில் ஏ.சி. போட்டுத் தூங்கினாலே ஆபத்துதான்.

முதுகில் அத்தனை முள் இருந்தும் ஏன் குளிர்கிறது? முள் என்பது உள்ளே வெற்றிடம் உள்ள, கெட்டியான முடி. அது பகைவரைத் தடுக்கும். ஆட்டு ரோமம் போலச் சூட்டைப் பிடித்து வைக்காது. ஐரோப்பிய முள்ளெலி இலையுதிர் காலத்தில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். அப்போது அதன் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு இருபது அளவுக்கு இறங்கிவிடும். வெப்ப நாட்டிலிருந்து வந்த வளர்ப்பு இனத்துக்கு அந்த முன்னேற்பாடு கிடையாது. குளிர்ந்தால் அதுவும் உறக்கத்துக்குள் சரியும்; ஆனால் மீள முடியாமல் இறந்துபோகலாம்.

தள்ளாடி நடக்கிறதா, வயிறு சில்லென்று இருக்கிறதா? சட்டைக்குள் உடம்போடு அணைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். வெந்நீரில் முக்கவே கூடாது. உடல் சூடாகும்வரை தீனியும் வேண்டாம்; உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கூண்டுக்குள் 24 முதல் 27 டிகிரி இருக்கட்டும். இது இரவில் உலவும் பிராணி. சூட்டுக்காகப் போடும் குண்டு பல்பின் வெளிச்சம் அதற்குத் தொந்தரவு. ஒளிராத பீங்கான் ஹீட்டரும் தெர்மோஸ்டாட்டும் நல்லது.

நம் ஊர் முள்ளெலி வேறு இனம். 1851-இல் விலங்கியலாளர் ஹார்ஸ்ஃபீல்டு அறிவியல் பெயரிட்ட அது, தென் மாவட்டத்துச் செம்மணல் தேரிகளிலும் முட்புதர்க் காடுகளிலும் வாழ்வது. அதைப் பிடித்துக் கூண்டில் அடைக்காதீர்கள்.