கிளட்ச்சின் இரண்டு நோய்கள்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் ஒரு நாள் கியர் விழ மறுக்கிறது. கியர் கம்பியைத் தள்ளினால் பற்கள் உரசும் 'கரகர' ஓசை கேட்கிறது. உடனே, "கியர் பாக்ஸ் போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். கியர் பாக்ஸை இறக்கிப் பிரிப்பது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை. ஆனால் பல வேளைகளில் குற்றம் கியர் பாக்ஸினுடையது அன்று. அதற்கு முன்னால் அமைந்துள்ள கிளட்ச்சினுடையது. எதில் பழுது என்பதை ஒரு ஸ்பானரைக்கூடக் கையில் எடுக்காமல், பள்ளியில் படித்த இயற்பியலைக் கொண்டே பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

கிளட்ச் எதற்கு?

கார் எஞ்சின் சுழன்றுகொண்டிருந்தால்தான் ஆற்றல் தரும். வண்டி நிற்கும்போதும் அது நிமிடத்துக்குச் சுமார் 700 முதல் 900 சுற்று வரை சுழல்கிறது. இதைவிட மிகவும் குறைந்தால் அணைந்துவிடும். சக்கரங்களோ அசையா நிலையிலிருந்து புறப்பட வேண்டும். சுழலும் ஒன்றையும் நிற்கும் ஒன்றையும் அதிர்ச்சியின்றி இணைக்கவும், கியர் மாற்றும்போது சற்று நேரம் பிரித்து வைக்கவும் ஒரு சாதனம் தேவை. அதுவே கிளட்ச்.

இதன் அமைப்பு மிக எளிது. எஞ்சினின் முனையில் 'பிளைவீல்' என்னும் கனத்த சக்கரம் சுழல்கிறது. அதை ஒட்டி, இருபுறமும் உராய்வுப் பட்டை ஒட்டப்பட்ட வட்டத்தகடு ஒன்று இருக்கிறது. இதுவே கிளட்ச் பிளேட். இது கியர் பாக்ஸுக்குள் செல்லும் தண்டின் மீது பொருந்தியுள்ளது. ஒரு வலிய வில்சுருள், பிரஷர் பிளேட் என்னும் தகட்டின் வழியாக, கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலோடு சேர்த்து அழுத்துகிறது. உராய்வினால் மூன்றும் ஒன்றாகச் சுழல்கின்றன. காலால் மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் வில்சுருளைத் தள்ளுகிறது. அழுத்தம் நீங்கி கிளட்ச் பிளேட் விடுபடுகிறது.

மிதித்தால் பிடிப்பது பிரேக். மிதித்தால் விடுவது கிளட்ச். ஆகவே கிளட்ச்சுக்குக் கடமைகள் இரண்டு. காலை எடுத்ததும் முழுமையாகப் பிடிக்க வேண்டும். மிதித்ததும் முழுமையாக விட வேண்டும். நோய்களும் இரண்டே: பிடிக்க வேண்டியபோது பிடிக்காமல் வழுக்குவது ஒன்று, விட வேண்டியபோது விடாமல் ஒட்டிக்கொள்வது மற்றொன்று.

முதல் நோய்: வழுக்கல்

கிளட்ச் எவ்வளவு திருப்புவிசையைத் தாங்கும்? உராய்வுக் குணகம், அழுத்தும் விசை, பட்டையின் சராசரி ஆரம் ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். பட்டைக்கு இரண்டு பக்கங்கள் இருப்பதால் விடையை இரண்டால் பெருக்க வேண்டும்.

ஒரு சிறிய காருக்கு உராய்வுக் குணகம் 0.3, அழுத்தும் விசை 4000 நியூட்டன், ஆரம் 9 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விடை 216 நியூட்டன்-மீட்டர். எஞ்சின் தரும் உச்சத் திருப்புவிசை 100 நியூட்டன்-மீட்டர் என்றால், கிளட்ச் அதைப்போல் இரு மடங்கு தாங்கும். கவலையில்லை.

இப்போது எஞ்சினிலிருந்து கசிந்த ஆயில் பட்டையில் படிந்து, குணகம் 0.1 ஆகக் குறைந்துவிட்டது என்று கொள்வோம். தாங்கும் அளவு 72 நியூட்டன்-மீட்டர்தான். மெதுவாக ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தினால் எஞ்சின் 100 தர முயலும். கிளட்ச் 72-க்கு மேல் கடத்தாது. எஞ்சின் இரைந்து வேகமாகச் சுழலும். வண்டியின் வேகம் கூடாது. பட்டை மிகவும் தேய்ந்து போனாலும், வில்சுருள் தளர்ந்தாலும் இதே நிலைதான்.

கடத்தப்படாத ஆற்றல் எங்கே போகிறது? வெப்பமாகிறது. 72 நியூட்டன்-மீட்டர் திருப்புவிசையுடன் நிமிடத்துக்கு 500 சுற்று வழுக்கினால் ஏறத்தாழ 3.8 கிலோவாட் வெப்பம் உண்டாகும். ஒரு கிலோவாட் வெந்நீர் ஹீட்டர்கள் நான்கை அந்தச் சிறிய இடத்தில் மூட்டியது போலாகும். பட்டை கருகும் நாற்றத்துக்கு இதுவே காரணம்.

இந்த நோய் மேல் கியரில்தான் முதலில் வெளிப்படும். முதல் கியரில் பற்சக்கரங்கள் விசையைப் பன்மடங்காகப் பெருக்கித் தருவதால், வண்டியின் எதிர்ப்பு கிளட்ச்சுக்குச் சிறிதாகவே தெரியும். மேல் கியரில் அந்தச் சலுகை குறைவு. எனவே ஆள் நடமாட்டமில்லாத நேர்ச்சாலையில், மேல் கியரில், மிதமான வேகத்தில் செல்லும்போது ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று அழுத்திப் பாருங்கள். எஞ்சின் ஓசை மட்டும் உயர்ந்து, வண்டி பின்தங்கினால் அது வழுக்கலே.

இரண்டாம் நோய்: ஒட்டிக்கொள்ளல்

வண்டி நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது. முதல் கியர் போட வேண்டும். சக்கரத்தோடு தொடர்புள்ள பற்கள் அசையாமல் இருக்கின்றன. கிளட்ச் முழுவதும் விட்டிருந்தால் எஞ்சின் பக்கத்துத் தண்டும் சில நொடிகளில் ஓய்ந்துவிடும். கியர் அமைதியாக விழும். கிளட்ச் சிறிதளவு ஒட்டிக்கொண்டிருந்தாலும் தண்டு சுழன்றுகொண்டே இருக்கும். சுழலும் பல்லையும் நிற்கும் பல்லையும் கோக்க முயன்றால் 'கரகர' ஒலிதான் கிடைக்கும்.

இரு வேகங்களையும் ஒன்றாக்கக் கியர் பாக்ஸுக்குள்ளேயே 'சிங்க்ரோமெஷ்' என்னும் அமைப்பு உண்டு. சிறிய கூம்பு வளையங்கள் உராய்ந்து இரு பக்கங்களின் வேகத்தையும் சமப்படுத்திய பிறகே பற்கள் கோக்கும். 1928-இல் அமெரிக்காவின் கேடிலாக் கார்களில் இது அறிமுகமாயிற்று. ஆனால் இந்த வளையங்கள் சிறியவை. கிளட்ச் வழியே எஞ்சின் தொடர்ந்து சுழற்றிக்கொண்டிருக்கும் தண்டை அவற்றால் நிறுத்த முடியாது. பல கார்களில் ரிவர்ஸ் கியருக்கு இந்த அமைப்பே கிடையாது. ஆகவே கிளட்ச் ஒட்டிக்கொள்ளும் நோயை முதலில் காட்டிக்கொடுப்பது ரிவர்ஸ் கியரே.

சோதனை இதுதான். சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துவிடுங்கள். கிளட்ச்சை மிதித்து எல்லாக் கியர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். (ஏதேனும் ஒன்று விழாவிட்டால், பல்லும் பல்லும் நேருக்கு நேர் நிற்கக்கூடும். வண்டியைச் சற்றே அசைத்து மீண்டும் முயலுங்கள்.) பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கிளட்ச்சை முழுதும் மிதித்து, நான்கைந்து நொடி பொறுத்து, ரிவர்ஸ் கியர் போடுங்கள்.

எஞ்சின் அணைந்திருந்தபோது எளிதாக விழுந்த கியர், ஓடும்போது மட்டும் கரகரத்தால் குற்றவாளி கிளட்ச். எஞ்சின் அணைந்திருக்கும்போதே கடினமாக இருந்தால், கியர் கம்பியின் இணைப்புகளையோ கியர் பாக்ஸையோ பார்க்க வேண்டும்.

ஒட்டிக்கொள்வதற்குக் காரணங்கள் சில. கேபிள் கிளட்ச்சாக இருந்தால் கேபிள் தளர்ந்திருக்கலாம். எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவதாக இருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். கால் தரும் அழுத்தம் காற்றுக்குமிழை அமுக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. மிதி பஞ்சுபோல் மெத்தென்று இறங்கும். இரண்டு மூன்று முறை விட்டு விட்டு மிதித்தால் கியர் விழும். இந்த அறிகுறியைக் கண்டால் தாமதிக்கக் கூடாது. பல கார்களில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே குப்பியிலிருந்துதான் எண்ணெய் செல்கிறது.

இங்கே ஒரு வேடிக்கையையும் காணலாம். சாதாரணக் கேபிள் கிளட்ச்சில், மிதித்தவுடன் சிறிது தூரம் மிதி சும்மா இறங்க வேண்டும். இந்த இடைவெளி அளவுக்கு மீறினால் கிளட்ச் ஒட்டிக்கொள்ளும். இடைவெளியே இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் எப்போதும் வில்சுருளைத் தள்ளிக்கொண்டிருக்கும், கிளட்ச் வழுக்கும். இரண்டு எதிர்நோய்களும் ஒரே நட்டின் திருகலில் பிறக்கலாம்! காரின் கையேட்டில் குறித்துள்ள அளவுக்கு அதைச் சரிசெய்தால் தீர்ந்துவிடும் கோளாறுக்காக, கியர் பாக்ஸை இறக்கும் செலவு வீண்.

கியர் பாக்ஸ் எப்போது குற்றவாளி?

வண்டி ஓடும்போது குறிப்பிட்ட ஒரு கியர் மட்டும் கரகரத்து, மற்றவை ஒழுங்காக விழுந்தால், அந்தக் கியரின் சிங்க்ரோமெஷ் வளையம் தேய்ந்திருக்கக்கூடும். கிளட்ச் எல்லாக் கியர்களுக்கும் பொதுவானது. அது கெட்டால் ஒன்றை மட்டும் தொல்லைப்படுத்தாது. போட்ட கியர் தானாகவே நியூட்ரலுக்குத் துள்ளி வந்தாலும் பழுது கியர் பாக்ஸிலோ அதன் இணைப்புகளிலோதான்.

ஓசையும் உதவும். எஞ்சின் ஓட, நியூட்ரலில் வைத்து, கிளட்ச்சை மிதியுங்கள். மிதித்ததும் ஓசை தோன்றினால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதிக்காதபோது கேட்கும் ஓசை மிதித்ததும் மறைந்தால், கியர் பாக்ஸ் தண்டின் பேரிங் தேய்ந்திருக்கலாம். மிதித்தபின் அந்தத் தண்டு நின்றுவிடுகிறதல்லவா?

மலைப்பாதையில் ஆபத்து

இந்தக் கோளாறுகளைச் சமவெளியில் பொறுத்துக்கொண்டு பலர் ஓட்டிவிடுகிறார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதை போன்ற இடங்களில் அது உயிருக்கே உலை வைக்கும். 1000 கிலோகிராம் எடையுள்ள கார் 300 மீட்டர் உயரம் இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல் சுமார் 29 லட்சம் ஜூல். 9 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். கீழ் கியரில் இறங்கினால் எஞ்சின் இதில் ஒரு பெரும் பங்கை ஏற்று வண்டியைத் தடுக்கிறது. கீழ் கியர் விழாமல் வண்டி நியூட்ரலில் உருண்டால், பெரும் சுமை பிரேக்குகளின் தலையில் விழுகிறது. அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். ஏறும்போது கிளட்ச் வழுக்கினாலும் தொல்லைதான். வளைவின் நடுவே வண்டி நின்றுவிடலாம். எனவே கிளட்ச்சில் ஐயம் இருந்தால் மலையேறுமுன் மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும்.

கிளட்ச்சின் ஆயுளைக் கூட்டுவது நம் காலில்தான் இருக்கிறது. ஓட்டும்போது மிதியின் மேல் பாதத்தை வைத்திருப்பது ரிலீஸ் பேரிங்கை ஓயாமல் தேய்க்கும். மேட்டில் நிற்கும்போது பிரேக்குக்குப் பதிலாகப் பாதி மிதித்த கிளட்ச்சால் வண்டியைத் தாங்கினால், நிற்கும் ஒவ்வொரு நொடியும் பட்டை சூடேறித் தேயும். அங்கே ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்துங்கள்.

பழுதான வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும்போது, "கியர் விழவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கியர், எஞ்சின் ஓடும்போதா அணைந்திருக்கும்போதா, மிதித்தால் ஓசையா விட்டால் ஓசையா என்று சொல்லுங்கள். அந்த மூன்று விடைகளும் மெக்கானிக்கின் வேலையில் பாதியை முடித்துவிடும்.