ஒரு நாளைக்கு ஒரு திசை

மே மாதம் பிறந்துவிட்டால் தென்காசி, தேனி, கோவில்பட்டிப் பக்கமிருந்து பிள்ளைகளோடு சென்னைக்குக் கிளம்பும் குடும்பங்கள் போனில் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "மெரினாவிலேர்ந்து வண்டலூர் எவ்ளோ தூரம்?" முப்பது சொச்சம் கிலோமீட்டர் என்று சொன்னால், "அவ்வளவுதானா, காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு பார்த்துடலாம்" என்பார்கள். அதனால் நான் யாருக்கும் தூரம் சொல்வதில்லை. எத்தனை முறை ஏறி இறங்க வேண்டும் என்று சொல்கிறேன். தனி ஆளுக்கு வண்டி மாறுவது இரண்டு நிமிட வேலை. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, தோளில் பை என்று வருபவருக்கு ஒவ்வொரு மாற்றமும் ஒரு வீடு மாற்றுகிற மாதிரி. படி ஏறி, சீட்டு எடுத்து, தண்ணீர் பாட்டிலைத் தேடி, எல்லாரும் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்க்கும் அந்த நேரத்தில்தான் சின்னவனுக்கு ஒன்றுக்கு வரும்.

ஆகவே ஒரு நாளைக்கு ஒரு திசை போதும். அந்தத் திசையில் ஒரு முறை வண்டி மாறலாம், அதற்கு மேல் வேண்டாம். இதைப் பிடித்துக்கொண்டால் சென்னை அத்தனை பெரிய ஊராகத் தெரியாது.

ஊரிலிருந்து வந்து இறங்கும் இடத்திலேயே கணக்குத் தொடங்குகிறது. தெற்கேயிருந்து வரும் ரயில்கள் பெரும்பாலும் எழும்பூரில் போய் முடிகின்றன. பழக்கத்தில் எல்லோரும் எழும்பூருக்கே சீட்டு எடுப்பார்கள். நீங்கள் தங்கப்போகும் அத்தை வீடு குரோம்பேட்டையிலோ வேளச்சேரியிலோ இருந்தால் தாம்பரத்தில் இறங்குவதுதான் புத்தி. எழும்பூர் வரை போய், பெட்டி படுக்கையோடு அதே பாதையில் திரும்பி வருவது விடியற்காலைத் தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகளுக்குச் செய்யும் கொடுமை. பஸ்ஸில் வந்தால் இன்னொரு மாற்றம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் கோயம்பேடு வரை வருவதில்லை. வண்டலூரைத் தாண்டிய புறநகரிலேயே இறங்கிவிடுவீர்கள். அங்கிருந்து வீட்டுக்குப் போக இன்னொரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் ரயிலில் சீட்டு வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால், 2016-லிருந்து, படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் பாதி.

நகரத்துக்குள் வந்த பிறகு முதுகெலும்பு மின்சார ரயில்தான். கடற்கரை – தாம்பரம் தடத்தில் 1931-லிருந்தே மின்சார வண்டி ஓடுகிறது. இதன் பலமும் பலவீனமும் ஒன்றே: எங்கும் அதிக நேரம் நிற்காது. கதவு திறந்தே இருக்கும், அரை நிமிடம்கூட நிற்காமல் கிளம்பிவிடும். ஆகவே ஏறுவதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் முதலில் ஏற, நடுவில் பிள்ளைகள், கடைசியில் இன்னொரு பெரியவர். இறங்கும்போதும் இதே வரிசைதான். பிள்ளைகளை முதலில் ஏற்றிவிட்டுப் பின்னால் ஏறலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கூட்டம் அதிகமென்றால் அம்மாவும் பாட்டியும் பிள்ளைகளோடு மகளிர் பெட்டியில் ஏறிக்கொள்ளலாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பையன்களும் அதில் வரலாம். அப்பா அடுத்த பெட்டியில் வருவார். எந்த ஸ்டேஷனில் இறங்குகிறோம் என்பதை ஏறுவதற்கு முன்பே இரண்டு தடவை சொல்லிவிடுங்கள், சத்தமாக.

இந்தத் தடத்தை வைத்து ஒரு நாளை முடித்துவிடலாம்: வண்டலூர். காலையில் கூட்டம் ஊருக்குள் வரும். நீங்கள் எதிர்த்திசையில் வெளியே போகிறீர்கள், உட்கார இடம் கிடைக்கும். தாம்பரத்தோடு நிற்கும் வண்டியில் ஏறிவிடாமல் செங்கல்பட்டு என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏறினால் மாறவே வேண்டாம். ஸ்டேஷனிலிருந்து பூங்கா கிட்டத்தில்தான். பூங்காவே பிரம்மாண்டம், ஏறக்குறைய 600 ஹெக்டேர். நடந்தே பார்க்கலாம் என்று வீரம் பேசாமல் உள்ளே நுழைந்ததும் பேட்டரி வண்டிக்குச் சீட்டு வாங்குங்கள். தாத்தா பாட்டி கூட வந்தால் அவர்களிடம் ஒரு கதை கேட்கலாம்: 1985-இல் வண்டலூருக்கு வருவதற்கு முன்னால் மிருகக்காட்சி சாலை சென்ட்ரல் பக்கத்தில், மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்தது. அப்போது மெட்ராஸ்காரர்களுக்கு அது "உயிர் காலேஜ்". எழும்பூர் அருங்காட்சியகம் "செத்த காலேஜ்".

இங்கே ஒரு எச்சரிக்கை. வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கிண்டி சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் அப்படியே. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை. பூட்டிய கேட்டுக்கு முன்னால் நான்கு வயதுப் பிள்ளைக்கு யாராலும் சமாதானம் சொல்ல முடியாது. கோடை விடுமுறையில் சில சமயம் இதை மாற்றுவார்கள், முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

மெட்ரோவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதை இன்னோர் இடத்துக்குப் போகும் வண்டியாக மட்டுமே பார்க்கிறார்கள். ஊரில் மெட்ரோவே பார்த்திராத ஐந்து வயதுக்காரனுக்கு அதுவே சுற்றுலா. சென்னை மெட்ரோவில் ஒரு வசதி இருக்கிறது: பச்சைத் தடமும் நீலத் தடமும் சென்ட்ரலில் ஒரு முறை, ஆலந்தூரில் ஒரு முறை சந்திக்கின்றன. அதாவது ஒரு வளையம். 2015-இல் கோயம்பேடு – ஆலந்தூர் மட்டும் ஓடியது. 2019 பிப்ரவரியில் டி.எம்.எஸ். – வண்ணாரப்பேட்டை பகுதி திறந்த பிறகுதான் வளையம் மூடியது. இதை முழுசாகச் சுற்றி வாருங்கள். சென்ட்ரலில் பச்சைத் தடத்தில் ஏறினால் எழும்பூர், கீழ்ப்பாக்கம், ஷெனாய் நகர், அண்ணா நகர் எல்லாம் மண்ணுக்கடியில். திருமங்கலம் தாண்டியதும் வண்டி மேலேறத் தொடங்கிக் கோயம்பேட்டுக்குள் வெளிச்சத்தோடு நுழையும். அந்த இடத்தில் பிள்ளையை ஜன்னலோரம் நிறுத்தி வையுங்கள். பிறகு வடபழனி, அசோக் நகர், ஈக்காட்டுத்தாங்கல் என்று மொட்டை மாடிகள், துணி காயும் கொடிகள், தண்ணீர் டேங்குகள். ஆலந்தூரில் இரண்டு தடங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன, லிஃப்டில் மாறிக்கொள்ளலாம். நீலத் தடத்தில் வடக்கே திரும்பினால் கிண்டி, சின்னமலை வரை மேலே வந்து, சைதாப்பேட்டைக்கு முன்னால் மறுபடி சுரங்கத்துக்குள் இறங்கிவிடும். சென்ட்ரல் வந்து சேர ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகலாம். ஏ.சி., நிலையங்களில் லிஃப்ட், கழிப்பறை. மதிய வெயிலில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஏறிய நிலையத்திலேயே இறங்குவதாக ஒரே சீட்டில் சுற்றினால் வெளிவாசலில் சிக்கல் வரும். ஆலந்தூரில் வெளியே வந்து, ஒரு டீ குடித்துவிட்டு, மறுபடி சீட்டு எடுத்துக்கொண்டால் வம்பில்லை. 90 செ.மீ. உயரத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சீட்டு வேண்டாம். இங்கே வயதை யாரும் கேட்பதில்லை, உயரம்தான்.

பறக்கும் ரயிலையும் கேட்பார்கள். 1995-இல் கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் நடுவே தொடங்கி, பின்னால் வேளச்சேரி வரை நீண்டது. பெயர் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் நிலையங்கள் பிரம்மாண்டமாகவும் வெறிச்சென்றும் இருக்கும், படிகள் அதிகம். கைக்குழந்தையும் பையுமாக இருந்தால் இதை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கட்சி.

மாநகரப் பேருந்தில் ஐந்து வயது வரை பிள்ளைகளுக்குச் சீட்டு இல்லை. முன்னாலும் பின்னாலும் இளஞ்சிவப்பு பூசிய சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கும் கட்டணமில்லை, எந்த ஊரிலிருந்து வந்தவரானாலும். அந்தச் செலவு மிச்சம் ஐஸ்கிரீமுக்குப் போய்விடும், அது வேறு. 2024 முதல் ஓடும் தாழ்தளப் பேருந்து கிடைத்தால் ஏறுங்கள். படி ஏறும் பாடே இல்லை. பஸ், மின்சார ரயில், மெட்ரோ எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் சீட்டு எடுக்க 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியை ஊரிலேயே போனில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். கவுன்டர் வரிசையில் நிற்கும் பத்து நிமிடத்தில்தான் பிள்ளைகள் கைவிட்டு ஓடுவார்கள்.

கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோ. கஞ்சத்தனம் பார்க்க வேண்டிய இடம் இதுவல்ல. அரசு 2013-இல் வைத்த கணக்குப்படி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அந்த மீட்டரைப் போடச் சொன்னால் பல அண்ணன்மார் சிரித்துவிடுவார்கள். செயலியில் பிடித்தால் பேரம் பேசும் நேரமாவது மிச்சம். பிள்ளைகளை நடுவில் உட்கார வையுங்கள், கை கால் வெளியே நீளாது. இரண்டாம் கட்ட மெட்ரோவுக்காக 110 கிலோமீட்டருக்கு மேல் வேலை நடக்கிறது. மயிலாப்பூர், அடையாறு, வடபழனி என்று பல இடங்களில் தடுப்பும் மாற்றுப் பாதையுமாக இருக்கும். ஆட்டோக்காரர் சுற்றிப் போகிறார் என்று உடனே சண்டைக்குப் போகாதீர்கள், உண்மையாகவே சுற்றுப்பாதையாக இருக்கலாம்.

தள்ளுவண்டி வேண்டுமா என்று வெளிநாட்டிலிருந்து வரும் தம்பி, தங்கைகள் கேட்கிறார்கள். மெட்ரோ நிலையத்தில் ஓடும், மாலில் ஓடும், 2019-இல் அகலமாக நடைபாதை போட்ட பாண்டி பஜாரில் ஓடும். அதற்கு வெளியே நீங்கள்தான் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பீர்கள். முதுகில் கட்டிக்கொள்ளும் பையோ, பழைய புடவையில் தூளியோ உத்தமம்.

தி.நகரைச் சொல்லாமல் விட்டால் அம்மாக்கள் கோபித்துக்கொள்வார்கள். ரங்கநாதன் தெருவில் சனி, ஞாயிறு மாலை சின்னப் பிள்ளைகளோடு நுழையவே வேண்டாம். அவர்கள் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மற்றவர்களின் இடுப்பும் கட்டைப்பையும்தான். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 2023-இல் ஒரு ஆகாய நடைபாதை திறந்தார்கள். அதில் நடந்தால் கூட்டத்துக்கு மேலாகவே கடந்துவிடலாம், கீழே நெளியும் தலைகளைப் பார்ப்பதே பிள்ளைகளுக்கு வேடிக்கை. வாங்க வேண்டியது அதிகமென்றால் வார நாளில், கடை திறக்கும் நேரத்தில், ஒரு பெரியவர் வீட்டில் பிள்ளைகளோடு இருக்க மற்றவர் போய் வரட்டும்.

இனி நேரம். மே 4-லிருந்து 28 வரை கத்திரி. பன்னிரண்டு மணிக்கும் நான்குக்கும் இடையே வெளியே திரிவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. காலை பத்து மணிக்கு முன்னால் ஓரிடம், மதியம் வீட்டுக்கு வந்து தயிர் சாதமும் தூக்கமும், மாலை நான்கரைக்கு மேல் கடற்கரை. மதியத் தூக்கத்தைத் திருடினீர்கள் என்றால் மாலை ஆறு மணிக்கு அதற்கான வட்டியோடு கட்டுவீர்கள், அதுவும் பொது இடத்தில். கழிப்பறை அவசரம் வந்தால் கூச்சப்படாமல் பக்கத்தில் இருக்கும் நல்ல ஓட்டலுக்குள் போய் இரண்டு இட்லி, ஒரு காபி சொல்லிவிடுங்கள். பிள்ளையும் சாப்பிட்டுவிடும்.

மெரினாவில் சாலையிலிருந்து தண்ணீர் வரை மணலில் நடப்பதே ஒரு பயணம். போகும்போது குதித்துக்கொண்டு போவார்கள், திரும்பும்போது உங்கள் தோளில்தான். மணல் குறைவாக நடக்க வேண்டுமென்றால் பெசன்ட் நகர். எந்தக் கடற்கரையானாலும் கால் நனைப்பதோடு சரி; அலையின் இழுப்பு பொல்லாதது. காணும் பொங்கலன்று மெரினாவில் பிள்ளைகளின் கையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைப் போலீஸார் கட்டிவிடுவார்கள். நீங்கள் அதற்குப் பொங்கல் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே பால்பாயின்ட் பேனாவால் முழங்கையில் நம்பரை எழுதிவிடுங்கள், வியர்வையில் அழிந்ததா என்று நடுவில் ஒரு தடவை பாருங்கள். அன்றைக்கு என்ன சட்டை போட்டிருக்கிறார்கள் என்று காலையில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பதற்றத்தில் நிறம்கூட ஞாபகம் வராது. தொலைந்தால் அசையாமல் அங்கேயே நிற்க வேண்டும், காக்கிச் சட்டைக்காரரிடமோ குழந்தையோடு இருக்கும் ஓர் அக்காவிடமோ சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, போலீஸுக்கு 112.

ஊருக்குத் திரும்பும் நாளில் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். மாலை நேரத்துக் கூட்டத்தில் எழும்பூர் வந்து சேர்வது பெரிய பாடு. தங்கியிருப்பது தெற்குப் பக்கமென்றால் ரயில் ஏறும் இடத்தைத் தாம்பரத்துக்கு முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள், சீட்டு எடுத்த பிறகும் அதற்கு வழி இருக்கிறது. இட்லிப் பொட்டலத்தை வீட்டிலேயே கட்டிக்கொள்ளுங்கள், வண்டி புறப்பட்டதும் கொடுத்துவிட்டால் செங்கல்பட்டு வருவதற்குள் தூங்கிவிடுவார்கள்.